டெல்டாக்காரர்களுக்கு ஏன் இந்தப் புரோக், ஃப்யூஷன் பைத்தியம்?

கேள்வி இதுதான்: மன்னார்குடியில் இருக்கும் சித்தப்பாவும் அவர் கூட்டாளிகளும் யெஸ், கிங் கிரிம்சன், மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பழைய கேசட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடித் தலையாட்டுகிறார்கள். வயலும் வாய்க்காலும் கோயிலுமாக இருக்கிற ஊரில், ஐம்பது வருடம் முந்தைய இங்கிலாந்து, அமெரிக்க இசை மேல் இவ்வளவு மோகம் எப்படி வந்தது? நானும் கேட்டுப் பழகுவதானால் எங்கே தொடங்குவது?

நானும் உங்கள் சித்தப்பா கட்சிதான் தம்பி, கும்பகோணம் பக்கம். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். புரோக் என்பது புரொக்ரசிவ் ராக், நீளமும் சிக்கலுமான ராக் இசை; ஃப்யூஷன் என்பது ஜாஸும் ராக்கும் கலந்தது. இந்த இசைக்கு வேண்டிய காதில் பாதி நம் ஊர்க் கோயில் வாசலிலேயே தயாராகிவிடுகிறது. சாமி புறப்பாட்டில் நாகஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்தவனுக்கு இருபது நிமிட உருப்படி நீளமாகத் தெரியாது, ஏழு, ஒன்பது, பதின்மூன்று எண்ணிக்கையில் போகும் தாளமும் விசித்திரமாகத் தெரியாது. மறுபாதிதான் நமக்குக் கஷ்டம். அதைப் பற்றி உங்கள் சித்தப்பா உங்களிடம் பேசியிருக்க மாட்டார். நம் ஆட்கள் பெரும்பாலும் பேசுவதில்லை.

இரண்டு வகை இசையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பியவை. 1969 ஆகஸ்டில் நியூயார்க்கில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் மின்சார பியானோக்களையும் மின்கித்தாரையும் ஜாஸுக்குள் கொண்டுவந்து மூன்று நாள் ஒலிப்பதிவு செய்தார். அது அடுத்த வருடம் ‘பிட்சஸ் புரூ’ என்று வெளிவந்தது. அதில் வாசித்தவர்களே பிறகு ஆளுக்கொரு குழுவைத் தொடங்கினார்கள். ஜான் மெக்லாஃப்லின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவையும், ஜோ ஸாவினுலும் வெய்ன் ஷார்ட்டரும் வெதர் ரிப்போர்ட்டையும், சிக் கொரியா ரிட்டர்ன் டு ஃபாரெவரையும் உண்டாக்கினார்கள். ஜாஸ் ஃப்யூஷன் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இந்த ஒரு குடும்பம்தான். அதே 1969 அக்டோபரில் லண்டனில் கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் வந்தது. ராக் இசை மூன்று நிமிடப் பாட்டை விட்டுவிட்டுப் பெரிய உருப்படிகளுக்குப் போகலாம் என்று துணிந்தவர்களில் முக்கியமானவர்கள் அவர்கள். பின்னாலேயே யெஸ், ஜெனசிஸ், எமர்சன் லேக் அண்ட் பால்மர், ஜெத்ரோ டல். 1970 முதல் 1975 வரைதான் உச்சம்.

எல்பி ரெக்கார்டின் ஒரு பக்கம் இருபது நிமிடம் சொச்சம் ஓடும். அந்தப் பக்கத்தை ஏறக்குறைய முழுசாகவே ஒரே உருப்படிக்குக் கொடுத்தார்கள். யெஸ்ஸின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ பதினெட்டு நிமிடத்துக்கு மேல். ஜெனசிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’ இருபத்துமூன்று நிமிடம். ஜெத்ரோ டல் 1972-இல் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பாட்டாகப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு இங்கிலாந்துப் பத்திரிகைக்காரர்கள் பலருக்கு இது அலட்டலாகப் பட்டது. நமக்கு அப்படிப் படவில்லை, காரணம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவருடைய தோடி ஆலாபனை ராத்திரியெல்லாம் ஓடிய கதையை இன்றும் சொல்கிற ஊர் இது. இருபது நிமிடம் நமக்கு ஒரு ராகத்தைத் தொட்டுப் பார்க்கிற நேரம்.

வெறும் பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்கும் முறையே அப்படி. சாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிப்பார்களே, அதில் சாகித்யம் கிடையாது. ஸ்வரமும் தாளமும்தான். அதே வரியை விளம்பத்தில் வாசித்து, மத்திமத்துக்குக் கொண்டுபோய், துரிதத்தில் விடுவார்கள். கூட்டத்தில் நிற்கிற ஆள் சங்கீதம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை, வேகம் இரட்டிக்கும் இடம் அவருக்குத் தெரியும். அப்புறம் தவில். வலது கை விரல்களில் கூடு, இடது கையில் குச்சி, இரண்டு தவில் எதிரெதிரே நின்று ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லி, குறைத்துக் குறைத்துக் கொண்டுவந்து, கடைசியில் சேர்ந்து ஒரு கோர்வை என்கிற முடிப்பை வைத்துச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், இறங்கும்போது தேர்முட்டியில் டீ குடித்துக்கொண்டிருப்பவர் கூட ‘ஆஹா’ என்பார். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் மெக்லாஃப்லினின் கித்தாரும் ஜெர்ரி குட்மனின் வயலினும் யான் ஹாமரின் மூக் சிந்தசைசரும் மாற்றி மாற்றி, சுற்றைக் குறைத்துக்கொண்டே மோதுகிறதே, அதைக் கேட்டவுடன் நம் ஆளுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும். பின்னால் பில்லி காபம் இரண்டு பாஸ் டிரம் வைத்துக்கொண்டு செய்யும் அட்டகாசத்தையும் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

சண்டை போடும் பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். எந்தத் தவில் செட் உசத்தி, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வழியா வலங்கைமான் வழியா என்று திண்ணையில் பேசியே பொழுதைக் கழித்த பெரியவர்களின் பேரன்கள், பீட்டர் கேப்ரியல் இருந்த ஜெனசிஸா, அவர் 1975-இல் போனபிறகு டிரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸே பாடிய ஜெனசிஸா என்று பேசுகிறார்கள். யெஸ்ஸின் டிரம்மர் பில் புரூஃபர்ட் விவகாரம் இன்னும் சூடானது. ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ மாதிரி ஒரு ஆல்பத்தை முடித்த கையோடு, நல்ல வருமானத்தை விட்டுவிட்டு, 1972-இல் கிங் கிரிம்சனுக்கு ஓடினார் மனுஷர். சரியா தப்பா? என்னைக் கேட்டால் சரி. அவர் போகாவிட்டால் கிங் கிரிம்சனின் 1974 ஆல்பம் ‘ரெட்’ கிடைத்திருக்காது. எங்கள் கூட்டத்தில் இதை ஒத்துக்கொள்ளாத ஒருவர் இருக்கிறார். இந்தப் பேச்சை எடுத்தால் பந்தியில் கூட என் பக்கத்தில் உட்கார மாட்டார்.

இந்த இசை இங்கே வந்த வழி சிற்றலை வானொலியும் கேசட்டும். ஜாஸ் பக்கம் சாய்ந்தவர்களுக்கு வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கானோவர் என்ற அறிவிப்பாளர். 1955 முதல் நாற்பது வருடம் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தியவர். ஆங்கிலம் சரியாகத் தெரியாத நாட்டுக்காரர்களுக்கும் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகப் பேசுவார். ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவே பெயர் காதில் விழும், ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாது. ராக் பக்கம் சாய்ந்தவர்களுக்குச் சென்னையிலும் திருச்சியிலும் படித்த அண்ணன்மார். விடுமுறைக்கு வரும்போது ஒரு கேசட் கொண்டுவருவார்கள், அது ஊர் முழுக்கப் படியெடுக்கப்படும். தொண்ணூறு நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் ஒரு எல்பி கச்சிதமாக அடங்கும். அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்தால் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகும். அப்படி அறுந்துபோன இடத்தோடேயே சில பாட்டுகளை மனப்பாடம் செய்த ஆட்கள் உண்டு. முழுசாகக் கேட்கும்போது அவர்களுக்கு அது வேறு பாட்டு.

கணக்கு விஷயத்தை ஒரு உதாரணத்தோடு காட்டிவிடுகிறேன். ரஷ் என்று கனடாவின் மூவர் குழு. 1981-இல் வந்த அவர்களுடைய ‘மூவிங் பிக்சர்ஸ்’ ஆல்பத்தில் ஒய்-ஒய்-இசட் என்று வாய்ப்பாட்டே இல்லாத ஓர் உருப்படி இருக்கிறது. அந்த மூன்று எழுத்தும் டொராண்டோ விமான நிலையத்தின் குறியீடு. தொடக்கத்தில் சுருதி சேர்த்த சின்ன வெண்கலத் தட்டில் டிரம்மர் நீல் பியர்ட் ஒரு தட்டுமுறையைத் திரும்பத் திரும்ப அடிப்பார். அது வேறொன்றுமில்லை, அந்த மூன்று எழுத்தின் மோர்ஸ் தந்திக்குறி. ஒய் என்பது நெடில், குறில், நெடில், நெடில். இசட் என்பது நெடில், நெடில், குறில், குறில். தமிழ் இலக்கணத்தில் படித்த மாதிரியே நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று என்று போடுங்கள். ஒய்க்கு ஏழு, அடுத்த ஒய்க்கு ஏழு, இசட்டுக்கு ஆறு, ஆக இருபது. சொல்லாகச் சொன்னால்: தகிட தகதிமி, தகிட தகதிமி, தகதிமி தக. கையில் கண்ட ஜாதி ஏக தாளம் போட்டு, அதாவது ஒரு தட்டு நான்கு விரல், சதுஸ்ர நடையில், அதாவது ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் நான்காக, ஓட்டினால் தாளத்தின் ஒரு சுற்றான ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை சரியாக உட்கார்ந்துவிடும்.

இதை எங்கள் வீட்டு மாடியில் போட்டபோது இரண்டு பேர் இரண்டு விதமாகப் பிடித்தார்கள். சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்டு விட்டுவிட்ட நண்பர் இரண்டாம் சுற்றிலேயே தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். தந்தி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களோடு உட்காருவார், ராக் அவருக்குப் பிடிக்காது, டிகாக்‌ஷன் காபிக்காக வருகிறவர். அவர் நிமிர்ந்து பார்த்து, “ஒய், ஒய், இசட்னு அடிக்கிறான். ஆனா நெடிலு போதாது. தந்தியில குறில் மாதிரி மூணு மடங்கு இருக்கணும், இவன் ரெண்டாக் குறைச்சிட்டான்” என்றார். அவர் சொன்னது சரி. மூன்று மாத்திரையாக வைத்திருந்தால் தாளம் வேறெங்கோ போயிருக்கும், இரண்டாக்கியதால்தான் இருபதில் அடங்கியது.

இந்த மாதிரி இடங்கள் நமக்குத் திகட்டாமல் கிடைக்கும். பிங்க் ஃப்ளாய்டின் ‘மணி’ ஏழில் ஓடும். மிஸ்ர சாபு பழகிய கால் தானாகத் தட்டும். மகாவிஷ்ணுவின் ‘பர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ தலைப்பு உருப்படி பதினெட்டில். கிங் கிரிம்சன் 1981-இல் திரும்பி வந்தபோது இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு கித்தாரும் ஒரே வரியைத் தொடங்கி, ஒன்று மட்டும் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு விலகிப் போய், பல சுற்றுக்குப் பிறகு மறுபடி ஒன்றாகச் சேர்வது என்ற விளையாட்டை ‘ஃப்ரேம் பை ஃப்ரேம்’ உருப்படியில் ஆடினார்கள்.

சரி, இங்கே ஒரு எச்சரிக்கை. கணக்கு ஒத்துப்போகிறது என்றவுடன் ‘எல்லாம் நம்மிடமிருந்து போனது’ என்று சிலர் ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் சித்தப்பாவும் சொல்லலாம். நம்பாதீர்கள். இங்கிலாந்துக்காரர்களின் ஐந்தும் ஏழும் பெரும்பாலும் ஸ்ட்ராவின்ஸ்கி, பார்டோக், ஹோல்ஸ்ட் போன்ற அவர்கள் பக்கத்து இசையமைப்பாளர்களிடமிருந்தும், 1959-இல் ஐந்து எண்ணிக்கையில் ‘டேக் ஃபைவ்’ வெளியிட்ட டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழுவிடமிருந்தும் வந்தவை. ஹோல்ஸ்டின் ‘மார்ஸ்’ ஐந்தில் போகும். கிங் கிரிம்சன் 1969-இல் மேடையில் அதையே வாசித்தார்கள். (இந்த ஹோல்ஸ்ட் சமஸ்கிருதம் படித்து ரிக் வேதப் பாடல்களுக்கு இசையமைத்தவர் என்பது வேறு கதை. அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.) யெஸ் குழுவின் இந்தியத் தொடர்பும் சங்கீதம் வழியாக வந்ததல்ல, புத்தகம் வழியாக. ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவலைப் படித்த பாதிப்பு. அடுத்த வருடம் வந்த ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ இரட்டை ஆல்பத்துக்கு வித்து, பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாஸ்திரங்களைப் பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பு. ஒரு அடிக்குறிப்பைப் படித்துவிட்டு எண்பது நிமிட இசை போட்டவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கே அது பொறுக்கவில்லை. மான்செஸ்டர் மேடையில் அந்த உருப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே கறிச்சோறு வரவழைத்துக் கீபோர்டு மேல் வைத்துச் சாப்பிட்டார். கொஞ்ச நாளில் குழுவை விட்டும் போனார்.

நம்மிடம் உண்மையிலேயே கற்றுக்கொண்டவர் மெக்லாஃப்லின். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். மகாவிஷ்ணு என்ற பெயர் அவருக்கு குரு ஸ்ரீ சின்மோய் கொடுத்தது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தார். அதே பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள் வயலின் எல். சங்கரும், மிருதங்கம் ராம்நாட் ராகவனும். இவர்களோடு ஜாகிர் ஹுசேனின் தபலாவும் விக்கு விநாயக்ராமின் கடமும் சேர்ந்ததுதான் சக்தி. 1975 ஜூலையில் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரி மேடையில் வாசித்ததே முதல் ஆல்பமாக மறுவருடம் வெளிவந்தது. அதில் ‘ஜாய்’ பதினெட்டு நிமிடம். மைக் முன்னால் மின்கித்தாரை அலறவிட்டு உலகப்புகழ் பெற்ற மனிதர், அதையெல்லாம் வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மரக்கித்தார் வாசித்தார். அவருடைய ரெக்கார்டு கம்பெனிக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்.

அந்தக் கித்தாரைக் கவனிக்க வேண்டும். வீணையில் மெட்டுகள், அதாவது தந்திக்கு அடியில் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டைகள், மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் நாலைந்து ஸ்வரம் எடுக்க முடிகிறது, ஸ்வரத்தை அசைக்கிற கமகம் அங்கேதான் பிறக்கிறது. சாதாரணக் கித்தாரில் விரல் பலகையில் முட்டிவிடும். கிப்சன் கம்பெனியும் ஏப் வெக்டர் என்ற கைவினைஞரும் சேர்ந்து செய்துகொடுத்த கித்தாரில் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் சுரண்டியிருந்தார்கள். அதனால் விரலுக்கு அடியில் பள்ளம் கிடைத்தது, தந்தியை அழுத்தியும் இழுத்தும் வளைக்க முடிந்தது. ஆறு தந்திகளுக்கு அடியே குறுக்காக ஏழு தனித் தந்திகள் சுருதிக்கும், மற்ற தந்திகள் அதிரும்போது கூடவே ஒலிக்கவும் இருந்தன. ‘ஜாய்’ கேட்கும்போது நடுநடுவே ‘ஜில்’லென்று ஒரு சிதறல் வரும், அது அந்த ஏழு தந்திதான்.

விக்கு விநாயக்ராம் சென்னையில் வளர்ந்தவர்தான். ஆனால் அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் டி. எச். என்பது தேத்தாகுடி ஹரிஹர என்பதன் சுருக்கம். தேத்தாகுடி நம் வேதாரண்யம் பக்கத்து ஊர். வேதாரண்யத்து நண்பர் ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வதைப்பார். அவர் முகத்தில் அந்தச் சமயம் இருக்கும் களையைப் பார்த்தால், சக்தி குழுவையே அவர்கள் ஊர் ஊராட்சிதான் அனுப்பிவைத்தது போல இருக்கும். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் பிறகு சக்தியின் அடுத்த கட்டமான ரிமெம்பர் சக்தி குழுவில் கஞ்சிராவோடு வந்தார். மாண்டலின் சீனிவாசும் சங்கர் மகாதேவனும் சேர்ந்ததும் அந்தக் கட்டத்தில்தான். 2023-இல் சக்தி என்ற பழைய பெயரிலேயே வந்த ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. அந்த வருடம் டிசம்பரில் ஜாகிர் போய்விட்டார்.

‘காவிரிக்கரையில் மேற்கத்திய இசையா’ என்று கேட்கிறீர்கள். அது புதிதே இல்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி காலத்தில் அரண்மனையில் ஐரோப்பிய பாண்டு வாத்தியம் முழங்கியது. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதிய நோட்டுஸ்வரங்கள் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர்களின் வயலினை எடுத்து நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு வயலினுக்காகவே திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தில் ஒன்று செய்துகொடுத்தார். வயலின் இல்லாத கச்சேரியை இன்று நினைத்துப் பார்க்க முடிகிறதா?

இனி, நமக்குக் கஷ்டமான பாதி. தாளம் நமக்குப் பிரச்சினையே இல்லை. கார்டு என்கிற ஸ்வரக்கூட்டும், அது நகர்கிற விதமும்தான் பிரச்சினை. நம் கச்சேரியில் தம்புரா ஒரு ஸ-வைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க நகராமல் நிற்கும். மற்ற ஸ்வரமெல்லாம் அந்த ஸ-வோடு என்ன உறவு என்றுதான் நம் காது பார்க்கிறது. புரோக்கிலும் ஃப்யூஷனிலும் அடித்தளமே நகரும். ஒரு கீபோர்டில் முயன்று பாருங்கள். வலது கையில் ஒரே ஸ-வைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். இடது கையில் கீழே ஸ வைத்தால் மேல் ஸ வீட்டில் இருக்கிறது. இடது கையைச் சுத்த மத்திமத்துக்கு மாற்றுங்கள், மேலே இருக்கும் அதே ஸ இப்போது பஞ்சமம் ஆகிவிட்டது. சுத்த தைவதத்துக்கு மாற்றுங்கள், அதே ஸ அந்தர காந்தாரம் ஆகிவிட்டது. மேலே ஒன்றுமே மாறவில்லை, ஆனால் மனநிலை இரண்டு முறை மாறிவிட்டது. நம்மிடம் கிரக பேதம், அதாவது வேறொரு ஸ்வரத்தை ஸ-வாக வைத்து இன்னொரு ராகம் காட்டுவது, செய்யும்போது ஒரு கணம் இந்த உணர்வு வரும். அவர்கள் அதை நிமிடத்துக்குப் பத்து முறை செய்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நம் ரசிகர்கள் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள். தாளத்தை மட்டும் எண்ணிவிட்டு, ‘ஆஹா பதின்மூன்று’ என்று முடித்துக்கொள்வார்கள். கிங் கிரிம்சனின் ‘ஸ்டார்லெஸ்’ நடுப்பகுதி பதின்மூன்றில்தான் போகிறது, சந்தேகமில்லை. ஆனால் அங்கே அடிவயிறு கலங்குவது பதின்மூன்றால் அல்ல. ராபர்ட் ஃப்ரிப் கித்தாரில் ஒற்றை ஸ்வரத்தைப் பிடிவாதமாகத் தட்டிக்கொண்டே இருக்க, கீழே ஜான் வெட்டனின் பேஸ், அதாவது தாழ்ந்த ஸ்வரங்கள் வாசிக்கும் கித்தார், நகர்ந்து நகர்ந்து அந்த ஒற்றை ஸ்வரத்துக்கு வேறு வேறு அர்த்தம் கொடுத்துக்கொண்டே வரும். நாலு நிமிடத்துக்கு மேல் இந்த இறுக்கம் ஏறிக்கொண்டே போகும். தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தால் இதைத் தவறவிடுவீர்கள்.

அதனால் பழகுவதற்கு என்னிடம் ஒரே ஒரு வழி இருக்கிறது: பேஸ் கித்தாரைக் கேளுங்கள். பாட்டையும் விடுங்கள், கித்தார் தனியையும் விடுங்கள். யெஸ்ஸில் கிரிஸ் ஸ்குவயர், வெதர் ரிப்போர்ட்டில் ஜாகோ பாஸ்டோரியஸ், ரிட்டர்ன் டு ஃபாரெவரில் ஸ்டான்லி கிளார்க். ஒரு உருப்படியைக் கடைசிவரை இவர்கள் பின்னாலேயே போய்க் கேட்டால், அடுத்த முறை மேலே இருப்பதெல்லாம் தானாகப் புரியும். தமிழ்க் காதுக்கு இது முழுக்கப் புதிதும் அல்ல. இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போவதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம், கவனித்ததில்லை, அவ்வளவுதான். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (Bach) அவர்களுக்கும் சமர்ப்பணம் செய்து அவர் 1986-இல் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ ஆல்பம் இதற்கு நல்ல பாலம். ராகம் எதுவென்று தெரியும், அதன் கீழே ஸ்வரக்கூட்டு நகர்வதும் காதில் விழும்.

எங்கே தொடங்குவது? சக்தியின் ‘ஜாய்’. முதல் நாள் அது மட்டும் போதும். திருவையாற்றில் ஆராதனைக்குப் போய் வந்த காதுக்கு அதில் தடை எதுவும் இருக்காது. மின்கித்தார் சத்தம் பழக வேண்டும் என்றால் ‘பர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ ஆல்பம். அது உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் சத்தத்தைக் குறைக்காமல் ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். மெதுவாகப் போக விரும்பினால் சிக் கொரியாவின் ‘ஸ்பெயின்’, ரோட்ரிகோவின் புகழ்பெற்ற ஸ்பானிய கித்தார் கான்சர்ட்டோவின் மெட்டோடு தொடங்கி நிமிடத்தில் கொண்டாட்டமாக மாறும். வெதர் ரிப்போர்ட்டின் 1977 ‘ஹெவி வெதர்’ வீட்டில் எல்லோரும் இருக்கும்போதும் போடலாம், அம்மா கோபிக்க மாட்டார்.

ராக் பக்கம் ‘மணி’யில் நுழைந்து ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ போங்கள். தொடக்கத்தில் பறவைச் சத்தமும் நீர்ச் சத்தமும் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள், உடனே நாலு பேரும் நாலு திசையில் ஓடுகிற மாதிரி ஒரு கலவரம் வரும். அதை மூன்று நிமிடம் பொறுத்துக்கொண்டால் பிறகு வழி தெரியும். அதற்குப் பின் ‘ரெட்’. ‘பிட்சஸ் புரூ’வை முதலில் எடுக்க வேண்டாம், அது எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்றே தெரியாமல் ஓடும். தயாரிப்பாளர் டியோ மாசெரோ நாடாவை வெட்டி ஒட்டிச் செய்த வேலை அதில் நிறைய. டோபோகிராஃபிக் ஓஷன்ஸையும் தள்ளி வையுங்கள். நான் வேக்மன் கட்சி.

செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. அதில் பேஸ் வரவே வராது, நான் சொன்ன வழியே அடைபட்டுப்போகும். சுமாரான ஹெட்போன் போதும். பழைய ஆல்பங்கள் பலவற்றை ஸ்டீவன் வில்சன் என்பவர் மூல நாடாக்களிலிருந்து மறுபடி கலந்து கொடுத்திருக்கிறார். கிங் கிரிம்சன், யெஸ், ஜெத்ரோ டல் மூன்றுக்கும் அவர் செய்த பதிப்புகளில் பேஸும் டிரம்ஸும் துலக்கமாகக் கேட்கும். பழைய பதிப்புதான் அசல் என்று உங்கள் சித்தப்பா சண்டைக்கு வருவார். வரட்டும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, பேஸ் எதில் தெளிவாக இருக்கிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

அவருடைய கேசட்டுகளை இரவல் வாங்கினால் ஒரு விஷயம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஈரத்தில் நம் பக்கத்துக் கேசட்டுகளில் நாடா மேல் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். கண்ணாடி வழியாகச் சுருளைப் பாருங்கள், வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள், தலையில் அப்பிக்கொண்டு அடுத்து போடுகிற நல்ல கேசட்டையும் கெடுக்கும். சுத்தமாக இருந்தால் உடனே பாடவிடாமல் ஒருமுறை கடைசிவரை முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றிவிட்டுப் போடுங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பிளேயரின் தலையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அதற்கு முன்பே துடைத்து வைத்துவிடுங்கள்.